வழுக்குவதற்கென்றே ஒரு கார்

மலை ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் வீட்டில் வழுக்குவதைப் பற்றி யாரும் விளையாட்டாகப் பேச மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், மாமன் அந்தக் காரைக் கொண்டுவரும் வரைக்கும்.

நாலாவது முடித்துக் கோடை லீவில் இருந்தேன். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டின் லைன் வீட்டில் குடியிருந்தோம். அம்மாவுக்கு எஸ்டேட்டில் வேலை. அப்பா அங்கிருந்து ஏற்காட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டினார். ஜீப் வேறொருவருடையது என்றாலும் ஊரில் அது அப்பாவின் ஜீப்தான். "அவரு ஓட்டுனா தூங்கிட்டே போலாமுங்க" என்பார்கள். தூங்கவும் தூங்கினார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்த் திரும்ப நடந்து வந்தவர்கள் உண்டு.

அந்த வருஷம் முதல் கோடை மழையில், ஒரு வளைவில் சில்வர் ஓக் சருகு ஈரமாகிக் கிடந்தது. ஜீப் அதில் ஏறியதும் பின்பக்கம் வீசி, பம்பரம் மாதிரி ஒரு சுற்று சுற்றி, மேட்டுப் பக்க மண்ணில் முட்டி நின்றுவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. பள்ளத்துப் பக்கம் போயிருந்தால் என்ற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அப்பா நேராக ஓனர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தார்.

ஓனர் நல்ல மனுஷன். முதலில் "மனசு தேறட்டுமுங்க" என்றவர், நாள் போகப்போக வேறு வழியில்லாமல், வருகிற சந்தை நாளுக்குள் அப்பா வரவில்லையென்றால் அடிவாரத்து ஆள் ஒருத்தருக்குச் சாவி போய்விடும் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அம்மா பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவ ஆரம்பித்தாள். எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. எனக்கு லீவு, அப்பாவுக்கும் லீவு, நல்லதாய்ப் போயிற்று என்றிருந்தேன்.

அப்போதுதான் அம்மாவின் தம்பி சேலத்திலிருந்து வந்தார். பைப் வேலைக்குப் போகிறவர். வேலை பார்த்த வீட்டில் யாரோ விளையாடிச் சலித்த ரிமோட் காரைக் கையோடு கொண்டுவந்திருந்தார். துப்பாக்கி மாதிரி ரிமோட், அதன் பக்கத்தில் குட்டி ஸ்டீயரிங். விசையை இழுத்தால் ஓடும், முன்னால் தள்ளினால் பிரேக்.

"நேரா ஓட்டறதுக்கு எதுக்கு கண்ணு காரு? அதுக்கு மாட்டு வண்டி போதும். இது சாஞ்சு, பக்கவாட்டுல போகோணும். டிரிப்ட்டு!" என்று செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

ரப்பர் டயர் தரையைக் கவ்வும், கவ்வினால் கார் சாயாது என்றார். கையில் இருந்த துண்டு பைப்பை வளையம் வளையமாக அறுத்தார். வளையம் இளகினால்தான் டயர்மேல் ஏறும். இளகுவதற்கு, அம்மா சோற்றுக்கு வைத்திருந்த உலையிலேயே அதைப் போட்டுவிட்டார்.

"ஏன்டா, இன்னைக்கு ஊட்டுல சோறா, பைப்புக் கொழம்பா?" என்று அம்மா கரண்டியோடு வந்தாள்.

"கொழம்பு நீ வெச்சா பைப்பே தேவலைக்கா" என்று சொல்லிவிட்டு மாமன் வளையங்களோடு வெளியே ஓடினார்.

காபி காய வைக்கும் சிமெண்டுக் களம் அந்த மாசத்தில் காலியாகக் கிடக்கும். அங்கே விட்டோம். வளையம் போட்ட கார் வெண்ணெயில் ஓடுகிற மாதிரி வழுக்கியது. ஆனால் திருப்பினால் சாய்ந்து போகாமல் அதே இடத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது. முன்பக்கம் எடை குறைவு என்று நட்டு ஒன்றை டேப் போட்டு ஒட்டினார் மாமன். அப்போதும் சுற்றியது. பேட்டரியை முன்னால் தள்ளிக் கட்டினார். அப்போதும் சுற்றியது. களத்துச் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். அப்பாவுக்குப் பொம்மைக் கார் பிடிக்காது போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், காரின் நாலு சக்கரத்திலும் வளையத்தின்மேல் சைக்கிள் டியூபை வெட்டி அழகாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் அப்பா, கையில் பஞ்சர் சொல்யூஷனோடு.

"இப்ப உட்டுப் பாரு சாமி. அசையாது" என்றார் பெருமையாக.

நான் போட்ட கூச்சலில் லைன் வீட்டு நாய்கள் எழுந்துகொண்டன. மாமன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மச்சான், காலையில இருந்து அதை வழுக்க வெக்கத்தானுங்க படாதபாடு பட்டோம்!"

"வழுக்கறதுக்குன்னே ஒரு வண்டியா? எந்தக் கிறுக்கன் கேப்பான் அப்படி?"

"உங்க மவதானுங்க கேட்டா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டியூபை உரித்தார். உரித்து முடித்து, "அதை இப்படிக் குடு கண்ணு" என்று ரிமோட்டுக்குக் கை நீட்டினார்.

அதற்கப்புறம் அவர் செய்ததெல்லாம் எனக்கு நொம்ப நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. ஒரு பக்கம் காலிச் சாக்குகளைச் சுருட்டி மேடு மாதிரி வைத்தார். எதிர்ப்பக்கம் கரிக்கட்டியால் கோடு போட்டு, "இதுக்கு அந்தாண்டை பள்ளம்" என்றார். நடுவில் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து தெளிக்கச் சொன்னார். சருகுகூட நான்தான் பொறுக்கி வந்தேன். வேடிக்கை பேசிக்கொண்டிருந்த மாமன் எழுந்துபோய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கார் வளைவுக்கு வந்தது, பின்பக்கம் வீசியது, சுற்றியது. மறுபடி. மறுபடி. ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் போனபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ரிமோட்டைப் பிடித்திருந்த தன் விரலையே உற்றுப் பார்த்தார்.

"பின்னால வீசுனதும் வெரலு பிரேக்குக்குத்தான் போகுது மாப்ள. அன்னைக்கும் அதான். உள்ள இருந்தவங்கல்லாம் கத்துனாங்க, காலு தானா மிதிச்சிருச்சு."

"யாரா இருந்தாலும் மிதிப்பாங்க மச்சான். இன்னொருக்கா உடுங்க."

இந்த முறை பின்பக்கம் வீசியபோது அப்பா பிரேக் பிடிக்கவில்லை. எந்தப் பக்கம் வீசியதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினார். கார் சாய்ந்து, சாய்ந்தபடியே வளைவு முழுக்கப் போய், சாக்கைத் தொடாமல் நேரானது. வீடியோவில் பார்த்ததேதான்! நான் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. தண்ணீர் காயக் காய என்னைத் தெளிக்கச் சொல்லி, வெளிச்சம் போகும்வரை அதே வளைவில் ஓட்டினார். எனக்கு ஒரு தடவைகூட ரிமோட் கிடைக்கவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

சந்தை நாள் தூறலோடு விடிந்தது. அப்பா ஓனர் வீட்டுக்குப் போய் ஜீப்போடு வந்தார். அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு, "சந்தைக்குப் போயிட்டு வந்துர்றேன்டா" என்று மாமனிடம் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். நடுவில் நான், மடியில் கார்.

அந்த வளைவு வந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரச் சருகு அன்றும் கிடந்தது. பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. அப்பாவின் கை லேசாகத் திரும்பி, திரும்ப நேரானது. காலைப் பார்த்தேன், பிரேக்குப் பக்கம் போகவில்லை.

"அப்பா, டிரிப்ட்டு!" என்று கத்தினேன்.

பின்சீட்டில் பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்த ஒரு அம்மா, பேச்சை நிறுத்தவே இல்லை. அவரைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. என் அம்மா கையை விட்டாள். விட்ட இடம் சிவந்திருந்தது.

"ஏனுங்க, மத்தியானம் சோத்துக்கு வந்துருவீங்களா?" என்றாள்.

"வந்துர்றேன்" என்றார் அப்பா.

ஏற்காட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. எதிரிலேயே சந்தை. பொரி, கொய்யா, ரிப்பன் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. அம்மா வெறும் பையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சும்மா சிரித்தபடி, திரும்புகிற நடைக்கு ஆள் ஏறும்வரை அதே சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரம் சந்தைக்கு வந்து ஒரு கொய்யாகூட வாங்காமல் திரும்புகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. வீடு வரும்வரை அம்மாவோடு பேசவில்லை.