கட்டிலைத் திருப்பிப் போட்ட வீடு

மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். அதனால் ஒன்றரை வருடமாகக் குடும்பமே ஊர் ஊராகப் போய், வாடகை வீடுகளில் தங்கிக்கொண்டிருந்தது. சமையலும் மகளின் பாடமும் கணவன் பொறுப்பு. அடுத்த ஊரைத் தேர்ந்தெடுப்பது மாமனார் பொறுப்பு. பக்கவாதத்தில் வலது பக்கம் பலம் குறைந்திருந்தாலும், ஊர் சுற்றும் ஆசை குறையவில்லை.

இந்த வீட்டுக்கு வந்த மறுநாளே வம்பு. மதியத் தூக்கம் கலைந்து எழுந்த மாமனார் நேராகப் போய்த் துணி அலமாரியைத் திறந்து, உள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டார். கணவனின் இஸ்திரி போட்ட சட்டைகள் நனைந்தன. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமனார் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"போதும். அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பிச்சிடுச்சு. ஊருக்கே திரும்பிடலாம்" என்றான் கணவன், சமையலறையில் நின்று.

"காது நல்லாத்தான்டா கேக்குது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "என்னைக் கொண்டுபோய் வீட்டுல அடைக்கப் போறியா?"

"நேத்து சீட்டாட்டத்துல என்னை ஓட ஓட விரட்டினவருக்கா ஞாபகம் தப்பிடுச்சு? சும்மா இருங்க" என்றாள் அவள். சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளூரச் சந்தேகம்தான்.

மறுநாள் மதியம் ஒரு காதில் மருத்துவரை வைத்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் மாமனார்மேல் வைத்தாள். அவர் பலமுள்ள இடது கையை ஊன்றி எழுந்தார், இடது பக்கம் இறங்கினார், கண் பாதி மூடியபடியே நடந்தார். போன வீடுகளில் எல்லாம் கழிவறை அந்தப் பக்கம்தான். இங்கே அந்தப் பக்கம் அலமாரி, கழிவறை எதிர்ப்பக்கம். கால் முன்னே போகிறது, தலை பின்னால் விழிக்கிறது, அவ்வளவுதான் விஷயம். ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

"என்னங்க, வந்து ஒரு கை பிடிங்க."

கட்டிலைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டார்கள். தலைமாடு எதிர்ச்சுவரை ஒட்டி, அவள் மேஜை இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மேஜை சமையலறைக்குப் போனது.

"டாக்டர் சொல்றத எழுதுவியா, குக்கர் சொல்றத எழுதுவியா?" என்றான் கணவன்.

"ரெண்டும் கத்துது. குக்கராவது சீக்கிரம் நிறுத்தும்."

அடுத்த மதியம் மாமனார் எழுந்தார். இடது பக்கம் இறங்கினார். கழிவறைக் கதவு திறந்தது, மூடியது. வெளியே வந்தவர், நடையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனைப் பார்த்தார்.

"என்னடா, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிற?"

மகன் தலையைச் சொறிந்தான். "இல்லப்பா... அடுத்த வீட்டுக்குப் பேசும்போது பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டுக்கணும்."

"எந்தப் பக்கம் இருந்தா என்ன? கட்டில் நகருமான்னு கேளு."

சமையலறையில் அவள் சிரித்ததில் மருத்துவர் சொன்ன இரண்டு வாக்கியம் கைநழுவிப் போயிற்று. பதிவைப் பின்னால் தள்ளி, மறுபடி கேட்டாள்.