இருமிய அலுமாரி

டெட்டோல் வாசனையோடு கண்டி வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, என் பிரஷரைப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திறந்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. எழுதுகிற தாதியை நம்பாதது எங்கள் குடும்ப வழக்கம்.

என் சின்ன வயதில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த மிஸ்ஸியிடமும் இதே வாசனை. இருமல் தெரிந்தால் தோட்ட வேலையிலிருந்து பேரை வெட்டி, குடியிருக்கும் காம்பராவையும் பறிப்பார்கள் என்று பயந்த அம்மா, அப்பாவை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

“எல்லாரும் சொகமா இருக்கோம் மிஸ்ஸி.”

அலுமாரி இருமியது.

மிஸ்ஸி தலை நிமிராமல் எழுதினார். “அலுமாரிக்கு எத்தன நாளா இருமல்?”

“மூணு வாரமாங்க,” என்றார், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்லியே பழகிய அம்மா.

மிஸ்ஸி ஆறு மாதம் வந்து காசநோய் மாத்திரை விழுங்கவைத்தார். அப்பா பிழைத்தார், காம்பராவும் போகவில்லை. அம்மாவின் சந்தேகம் மட்டும் குணமாகவில்லை.

“சிகரெட் குடிப்பீங்களா?” என்கிறார் இந்த மிஸ்ஸி.

“இல்லையே,” என்கிறேன், சிகரெட் பெட்டி இருக்கும் அலுமாரியைப் பார்க்காமல்.