சங்கு நண்டில் ஆண் பார்ப்பது எப்படி

புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் நான் உதவியாளர். செய்முறைத் தேர்வு நெருங்கினால் பிள்ளைச்சாவடிக்கு வண்டியை விடுவேன். வலையில் சிக்கும் சங்கு நண்டுகளை மீனவர்கள் கரையிலேயே உதறிவிடுவார்கள். குழம்புக்கு ஆகாத நண்டுக்கு அங்கே மரியாதை கிடையாது. அவற்றைப் பொறுக்கி வந்து ஆண், பெண் பிரித்து வைப்பது என் வேலை.

சாப்பிடுகிற நண்டென்றால் புரட்டிப்போட்டு வயிற்று மடிப்பைப் பார்த்தால் போதும். இது பாதி உடம்பைச் சங்குக்குள் ஒளித்துக்கொள்ளும் ஜென்மம். சங்கை உடைத்து வெளியே எடுத்து லென்ஸில் பார்க்க வேண்டும். கொடுக்கையும் சேர்த்து எண்ணினால், பெண்ணுக்கு முட்டை வரும் துளை மூன்றாம் ஜோடிக் கால்களின் அடியில். ஆணுக்கு விந்து வரும் துளை ஐந்தாம் ஜோடியின் அடியில். அந்தக் கால்கள் குச்சியாய்ச் சிறுத்துப்போய் உள்ளேயே கிடக்கும். அதனால் மாணவர்கள் மூன்றாம் ஜோடியோடு நிறுத்திக்கொண்டு மீதியை ஊகித்து எழுதுவார்கள். நான் விடமாட்டேன். "ரெண்டு எடத்தையும் பாத்துட்டு எழுதுங்கப்பா" என்று எரிந்து விழுவேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. ஆறு வருடமும் என் மனைவியைத்தான் பார்த்தார்கள். ஸ்கேன், ஊசி, நாட்டு மருந்து, அம்மா சொன்ன கோயில்கள். எனக்கும் ஒரு பரிசோதனை உண்டு என்று டாக்டரம்மா சொன்னபோதெல்லாம் கல்லூரியில் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, நான் மாணவர்களைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். டிபன் கேரியரை என் மேசையில் வைத்தாள்.

"ரெண்டையும் பாக்கறது நண்டுக்கு மட்டுந்தானா?" என்றாள்.

மறுநாள் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வாங்க இருவரும் போனோம். குறை அவளிடம் இல்லை. என்னிடம்தான். உயிரணு ஒன்றுகூட இல்லை என்றார் டாக்டரம்மா. லென்ஸைச் சரியாகத் திருப்பினீர்களா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள், "அத்தகிட்ட சொல்ல வேணாங்க. தாங்க மாட்டாங்க."

உடனே சரி என்றேன். யோசிப்பதுபோலக்கூட நடிக்கவில்லை. எனக்கு அவ்வளவு நிம்மதி. வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா புதிதாக ஒரு கோயில் சொன்னார். மருமகள் ஈரப்புடவையோடு நூற்றெட்டுச் சுற்று வர வேண்டுமாம். மூவரும் ஆட்டோவில் போனோம். அவள் சுற்றத் தொடங்கினாள். நடுவில் அம்மாவுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"எத்தினிடா ஆச்சு?"

"எழுபத்திரண்டும்மா" என்றேன்.

இன்னும் முப்பத்தாறு இருந்தது.