உயிரைக் கூப்பிட்ட வீடு

ஆற்றங்கரை ஊரான சவன்னகேத்தின் சந்தையில் மனிவோனோடு சண்டை போடாதவர்கள் குறைவு. பெண்கள் உடுத்தும் சின் துணிக்கு அடிக்கரை வைத்துத் தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் காலையில் பச்சைக் கரை என்று பேசி முடித்துப் போனவள் சாயங்காலம் வந்து நின்றால், "உங்கள நான் பாத்ததே இல்லையே அக்கா" என்று மனிவோன் கண்ணை அகல விரிப்பாள். விரிக்கிற கண்ணில் பொய் இருக்காது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

"ஏண்டி, காலையில என்கிட்ட சிகரெட் வாங்கிப் பத்தவச்சுக்கிட்டே பேசுனியே, அது யாரு? உன் ஆவியா?" என்று பக்கத்துக் கடை மீன்காரி கேட்பாள்.

மனிவோனுக்குச் சிகரெட் வாசனையே ஆகாது. ஆனால் விரலை முகர்ந்து பார்த்தால் புகை நாறும். வலது கைக்காரியான அவளுடைய கத்தரிக்கோல் இடப்பக்கம் கிடக்கும். பையைத் துழாவினால் புளி மிட்டாய்க் காகிதமும் கோலிக்குண்டும் வரும். தான் வாங்கியதாக நினைவே இருக்காது. பொழுதில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான். மற்றவர்களுக்குக் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் ஒன்றோடொன்று தைத்து வருகிறது. அவளுக்கு மட்டும் நடுநடுவே தையல் விட்டுப்போனது.

உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்கே ஒருமாதிரி தெரியும். ஒருத்தி சின்னவள், ஆறேழு வயதுக்கு மேல் வளராதவள், எதற்கெடுத்தாலும் மேசைக்கடியில் புகுந்துகொள்பவள். இன்னொருத்தி முரடி. புகைப்பாள், வைவாள், யாருக்கும் கும்பிடு போடமாட்டாள். அவர்கள் வந்து போவதை மனிவோன் பார்த்ததில்லை. வந்து போன வீட்டைக் கூட்டிப் பெருக்குவது மட்டும் அவள் வேலை.

அவள் புருஷன் சைசனா ஒருமுறை படகேறி ஆற்றுக்கு அக்கரை முக்தாகானில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. ஒரே ஆளு உள்ள பல ஆளாப் பிரிஞ்சு கெடக்கு. சின்ன வயசுல தாங்கவே முடியாதது எதையாவது தாங்கணும்னா மனசு இப்படிப் பங்கு போட்டுக்கும். மாசாமாசம் வாங்க" என்றாள். மனிவோன் அழுதாள். தன்னைத் திட்டாமல் ஒருத்தி பேசியது அதுவே முதல் தடவை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் அம்மா கையை உதறினாள். "சின்ன வயசுல உனக்கென்ன குறை? உன் மாமா உன்னத் தோள்ல தூக்கி வளத்தாரு. அக்கரைக்காரிக்கு என்ன தெரியும்?" அதோடு படகுப் பயணம் நின்றது.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன், கம்தான் என்று பெயர். பல வருஷம் துறவியாக இருந்து காவியைக் களைந்தவர், மனிவோன் கைக்குழந்தையாக இருந்தபோது பெண்டாட்டி செத்து, அன்றிலிருந்து தங்கை வீட்டிலேயே இருப்பவர். கல்யாணமோ பிள்ளைப்பேறோ தூரப் பயணமோ, உயிரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்ல அந்த வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் குரலைக் கேட்டாலே கிழவிகள் கை குவிப்பார்கள். மனிவோனுக்கு மட்டும் அந்தக் குரல் எழும்பினால் தையல் விட்டுவிடும். மறுபடி நினைவு வரும்போது அவர் போயிருப்பார்.

அப்படியானால் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்பவர்கள் கேட்கலாம். எங்கே போவது? அவள் கடைசிப் பெண். அந்த ஊர் வழக்கத்தில் கடைசிப் பெண்ணுக்குத்தான் வீடு, கடைசிப் பெண்ணுக்குத்தான் வீட்டிலுள்ள கிழடுகள். அக்காமார் இருவரும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சைசனா இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. அவன் வேண்டுமானால் போகலாம், அவள் போகமுடியாது. வீடு கிடைத்த பாக்கியசாலி என்று அக்காமார் பொறாமைப்பட்டார்கள். பாக்கியமாம் பாக்கியம்!

அந்த வருஷம் மனிவோனின் மகள் பிம்பா பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். மத்தியானம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், "எழுத்து வரலையாம், நான் சொல்லித் தர்றேன்" என்றார் மாமா. எல்லோருக்கும் சந்தோஷம். மனிவோனுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து ஒரு கூத்து ஆரம்பித்தது. மத்தியானம் கடையில் தைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த நினைவு வரும்போது வீட்டில் இருப்பாள், அறைக்கதவு உள்ளே தாழிட்டிருக்கும், பிம்பா அவள் மடியில் இருப்பாள். வெளியே அம்மா கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் இல்லை, தினமும். சந்தையில் வாடிக்கையாளர்கள் காத்து நின்று வைதுவிட்டுப் போனார்கள்.

"மாமாவை என்ன சொன்னே தெரியுமா?" என்றாள் அம்மா ஒருநாள் முகம் வெளிறி. "பெரிய மனுஷரைப் போய், கிட்ட வந்தா கத்தரிக்கோலால குத்திடுவேன்னு சொன்னியேடி!"

"நான் சொல்லலம்மா."

"பின்ன யாரு சொன்னது?"

முரடிதான் சொல்லியிருக்கவேண்டும். ஏன் சொன்னாள் என்று தெரியாமல் மனிவோன் தவித்தாள். எல்லாம் தெரிந்தவள் உள்ளேயே இருக்கிறாள், வாயைத் திறந்து இவளிடம் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாள். இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

உடம்பில் முப்பத்திரண்டு உயிர்கள், பயந்தால் ஒன்றிரண்டு இறங்கி ஓடிவிடும், கூப்பிட்டு மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே மனிவோனுக்கு உயிர் அழைப்பு வைத்தார்கள். அழைப்பது யார்? வேறு யார், கம்தான் மாமாதான்.

காலையிலேயே கூடம் நிறைந்துவிட்டது. நடுவில் வாழையிலைக் கோபுரம், அதில் செவ்வந்தி, சுற்றிலும் அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோறு, சாராயம். மனிவோனை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்னாலிருந்து அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டார்கள். மாமா தொண்டையைச் செருமினார். இதோ தையல் விடப்போகிறது என்று மனிவோன் கண்ணை மூடினாள்.

விடவில்லை.

"வா உயிரே வா, காட்டில் இருந்தால் வா, ஆற்றங்கரையில் இருந்தால் வா, உன் வீட்டுக்கு வா" என்று குரல் ஏறிக்கொண்டே போனது. மனிவோன் இருந்தாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். தன் வாய் தானாகத் திறப்பதையும் பார்த்தாள்.

"வரமாட்டேன்" என்றது ஒரு குழந்தைக் குரல்.

கூடம் சிலிர்த்தது. "பேசிடுச்சு! உயிர் பேசிடுச்சு!" என்று ஒரு கிழவி கும்பிட்டாள். "ஏன் கண்ணு வரமாட்டே? சோறு வச்சிருக்கு, முட்டை வச்சிருக்கு, வா தங்கம்."

"மாமா இருக்காரு. எழுத்து சொல்லித் தர்றேன்னு கூப்பிட்டு கதவச் சாத்துவாரு. அழுதா வாயப் பொத்துவாரு. நான் வரமாட்டேன்."

மனிவோனுக்கு அப்போதுதான் தெரிந்தது. வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைப்போல, தன் வாழ்க்கையில் நடந்ததைத் தன் வாயாலேயே தெரிந்துகொண்டாள். முரடி ஏன் மத்தியானம் ஓடிவந்தாள் என்பதும் தெரிந்தது.

யாரும் மூச்சு விடவில்லை. மாமா மட்டும் பதறவே இல்லை. "பாத்தீங்களா" என்றார், மிகவும் வருத்தத்தோடு. "உள்ள இருக்கிறது உயிர் இல்ல, துஷ்டம். தன்ன வெரட்ட வந்தவன் மேலதான் அது மொதல்ல பழி போடும்."

அடுத்த நொடி கூடம் மூச்சு விட்டது. ஆமாம், ஆமாம் என்று தலைகள் ஆடின. நூல்கள் வந்தன. ஒவ்வொருவரும் அவள் மணிக்கட்டில் கட்டினார்கள், இரண்டு கையிலும், தோல் தெரியாத அளவுக்கு. அம்மா கடைசியாக வந்தாள். குனிந்த தலை நிமிராமல், முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்ததும் சைசனா அறைக்கு வந்தான். தலைநகர் வியன்தியானில் அவனுக்கு வயரிங் வேலை கிடைத்திருந்தது. அன்று சாயங்காலமே பஸ். மனிவோன் அவன் சட்டையைப் பிடித்தாள். "என்னயும் கூட்டிட்டுப் போ. மாமா உண்மையிலேயே..."

அவன் பின்வாங்கினான். "இதத்தானே அதுவும் சொல்லிச்சு." அவன் கண்ணில் இருந்தது வெறும் பயம். "நூல் கட்டுன கையோட மூணு நாளு வாசப்படி தாண்டக்கூடாது. அதோட நீ போயிட்டா அத்தைய யாரு பாக்குறது?" அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "மனி, மறைக்காமச் சொல்லு. இப்பப் பேசுறது நீதானா? நீ தெளிஞ்சுட்டேன்னா பிம்பா இங்கயே பாட்டிகிட்ட இருக்கட்டும். இல்லன்னா எங்க அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன். உன்கூட விட எனக்கு மனசு வராது."

அவள்தான் பேசினாள். முழுசாக, ஒரு தையல்கூட விடாமல், அவளேதான். "நான்தான்" என்று சொல்லிவிட்டால் போதும், பிள்ளை மடியிலேயே இருக்கும். இந்த வீட்டு மடியில். முரடி எத்தனை மத்தியானத்துக்கு ஓடிவருவாள்? ஒருநாள் பிந்தினால்?

பிம்பா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள். மனிவோன் அவளைக் கூப்பிடவில்லை. கட்டிப்பிடிக்கவும் இல்லை. மேசைக்கடியில் புகுந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு, குழந்தைக் குரலில், "மனிவோன் இல்ல. மனிவோன் போயிட்டா" என்றாள். ஊரார் இத்தனை வருஷமாய் நடிக்கிறாள் நடிக்கிறாள் என்றார்கள். பாவி, அவள் வாழ்க்கையில் நடித்தது அந்த ஒருமுறைதான். நடிப்பு அவளுக்கு வரவே இல்லை, குரல் உடைந்தது. ஆனால் சைசனா நம்பிவிட்டான். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். "அம்மா, அம்மா" என்று பிம்பா கத்துவது தெருமுனைவரை கேட்டது.

வாடகை வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு மனிவோன் மேசைக்கடியிலிருந்து வந்தாள். அடுக்களையில் அம்மா ராத்திரிக்கு ஒட்டரிசி கழுவிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மாமா இருமினார்.

"அழுதுகிட்டே போச்சு பிள்ள" என்றாள் அம்மா, திரும்பாமல். "போகட்டும். இந்தத் துஷ்டத்துகிட்டேருந்து பிள்ளயாவது தப்பிச்சுதே."

"ஆமாம்மா" என்றாள் மனிவோன், தன் சொந்தக் குரலில். "தப்பிச்சுட்டா."

அம்மாவுக்குத் தன் மகள் குரல் தெரியாதா? அரிசியில் கிடந்த அவள் கை அப்படியே நின்றது. பிறகு தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.