அழுக்கு ஸ்பான்ஜ் வேண்டும், அவசரம்

மாடியில் மீன் தொட்டி, அதே தண்ணீரில் கீரை வளர்க்கிறேன். ரூம்மேட் ஃபில்டரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டான். அதன் ஸ்பான்ஜில் குடியிருந்து, மீன் கழிவின் அம்மோனியாவைக் கீரைக்கு உரமாக்கும் பாக்டீரியா மொத்தமும் காலி. இன்று அம்மோனியா ஏறி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

குரோம்பேட்டையில் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, உங்க ஃபில்டர்ல ஓடுற பழைய ஸ்பான்ஜ் குடுங்க. எவ்ளோ அழுக்கோ அவ்ளோ நல்லது."

"புதுசே கீதுப்பா."

"புதுசுல பாக்டீரியா இருக்காதுண்ணா. மீனு செத்துடும்."

தேடி, இருப்பதிலேயே அழுக்கானதை எடுத்தார். நான் வண்டியைத் திருப்புவதற்குள், குளோரின் வாடையடிக்கும் குழாய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்து நீட்டினார்.

"அப்டியே குடுக்க மனசு வரல தம்பி."

தாம்பரம், பல்லாவரம் பக்கம் மாதக்கணக்கில் ஃபில்டர் கழுவாத நல்லவர்கள் யாராவது? சொல்லுங்கள், வண்டியில்தான் நிற்கிறேன். தயவுசெய்து கழுவி வைக்காதீர்கள்.