மருதாணி விரலுக்கு ஒரு காப்புரிமை

கோளாறு உங்கள் கருவியில் இருந்தது. பழியை எங்கள் தோல்மேல் போட்டீர்கள். மருத்துவக் கருவிகளை இறக்குமதி செய்து விற்கும் உங்களைத்தான் சொல்கிறேன்.

விரலில் மாட்டி, இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் சின்னக் கருவி அது. கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு. சபாக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த என் அக்கா, ஒரு கிளினிக்கில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நீங்கள் விற்ற கருவி நல்ல எண்ணைக் காட்டியது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆம்புலன்சில் போனாள். அவள் பிழைத்தபிறகு உங்களிடம் வந்து கேட்டேன். "தோட்டத்து ஆளுங்க விரல் அப்படித்தாம்மா" என்றீர்கள்.

அந்தக் கோபத்தில்தான் கோலா சிலாங்கூரில் டயர் கடைக்கு மேலே கம்பெனி தொடங்கினேன். ரவாங் தொழிற்சாலையில் என்னோடு அளவுக் கருவிகள் செய்த தம்பி ஒருவர் கூட வந்தார். முதலில் தோலின் நிறத்தை ஒளியால் படித்துவிட்டு, பிறகு இரத்தத்தை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தோம். காப்புரிமை கிடைத்தது.

அப்புறம் ஒரு மடத்தனம் செய்தோம். நிறையப் பேரிடம் சோதித்துப் பார்க்க, எல்லாரும் ஊரில் இருப்பார்கள் என்று தீபாவளி வாரத்தில் ஆள் கூப்பிட்டோம். வந்த பெண்கள் அத்தனை பேர் விரலிலும் மருதாணி. எண்கள் தாறுமாறாக ஓடின.

"கழுவிட்டு வாக்கா" என்று முதலில் வந்தவளிடம் சொன்னேன்.

"கழுவுனா போறதுக்கு அது என்ன குங்குமமா? நகத்துல இருக்கறது போக தை மாசம் ஆவும். இதுகூடத் தெரியாம கம்பெனி நடத்துறா லா இவ."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மட்டும் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழுவ வேணாங்கா. மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போதும் இதே விரலோடதானே போவாங்க. சாயத்தையும் சேர்த்தே அளப்போம்."

அதுதான் எங்கள் இரண்டாவது காப்புரிமை. விண்ணப்பத்தில் மருதாணியை என்னவென்று எழுதுவது என்று வழக்கறிஞர் கேட்டார். மருதாணி என்றே எழுதச் சொன்னேன்.

அதன்பிறகு நீங்களே வந்தீர்கள். உங்கள் கருவியையும் எங்கள் கருவியையும் ஒரே ஆளின் இரண்டு விரலில் மாட்டிச் சோதிப்பதாகச் சொல்லி, எங்களுடையதை வாங்கிப் போனீர்கள். அந்த முடிவு வந்தால் எங்கள் கருவியை வாங்கிக்கொள்கிறோம் என்று கிளினிக்குகள் காத்திருக்கின்றன. முடிவு வரவில்லை. காப்புரிமை இரண்டையும் விற்கச் சொல்லி உங்கள் ஆள்தான் வந்தார். வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் விற்கப்போவதில்லை. கோலா குபு பாருவில் ஒரு டாக்டர் எங்கள் கருவியைத் தன் மேசையில் வைத்துச் சொந்தமாகவே சோதிக்கத் தொடங்கிவிட்டார். பாகான் நக்கோடா ஓமார் கிராமத்து மீனவர்கள் காய்த்துப்போன விரல்களோடு சோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா இந்தத் தடவை ஆள் திரட்டுகிறாள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் இந்தக் கருவி கிளினிக்குகளுக்குப் போய்ச் சேரும். கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பப்படக் கூடாது. எனவே எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். நீங்கள் செய்த சோதனையில் எந்தக் கருவி சரியாகக் காட்டியது? பத்திரிகையில் சொல்லுங்கள்.