நான் தடுத்த அழைப்பு

என் கணவரின் நோய் முற்றியதில் எனக்குப் பங்கு உண்டு. அவருக்கு இது தெரியாது... தெரியாது என்றுதான் நினைக்கிறேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

அந்தோனி துறைமுகத்தில் கிளார்க். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு. அவருடைய இடுப்பிலும் தொடையிலும் சிவந்த திட்டுகள் தோன்றின, ஓயாத சொறிச்சல். உடுப்பு மறைக்கும் இடங்களில் மட்டும் ஏன்? யாரிடமிருந்து தொற்றியது?... சொல்லவே கூசுகிறது. நான் ஒரு பெண்ணைத் தேடத் தொடங்கினேன்! சட்டைப்பையில், போனில், அவர் பிந்தி வரும் நாட்களில்...

கிளினிக்கில் தோலில் சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். சில வாரங்களின் பின், அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. இளம் பெண்குரல்.

"அந்தோனி மாத்தயா இன்னவாத?"

அந்தோனி ஐயா இருக்கிறாரா என்று சிங்களத்தில் கேட்டாள். யார் என்று நானும் சிங்களத்தில் கேட்டேன். அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்றாள். எனக்கு அது போதும்! அழைப்பை வெட்டினேன், அந்த எண்ணையே தடுத்துவிட்டேன்.

"பிழையெண்டாத்தான் கிளினிக்கால கோல் எடுப்பினமாம்," என்று, அழைப்பு வராததால் அவர் நிம்மதியாக இருந்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஐந்து மாதத்தில் ஒரு திட்டு கட்டியானது. மறுபடி போனோம். முதல் சோதனையின் முடிவு அங்கேயே காத்திருந்தது. தோலில் வரும் லிம்போமா, ஒரு புற்றுநோய்.

"இது தொத்துற வருத்தமில்லை," என்றார் டொக்டர். "நோயோட சண்டைபிடிக்கிற வெள்ளை அணுக்களே தோலுக்குள்ள கெட்டுப்போயிருக்கு. சைட்டோகைன் எண்டு, அணுக்கள் ஒண்டுக்கொண்டு செய்தி சொல்லுற பொருட்கள் இருக்கு. இந்தக் கெட்ட அணுக்கள் அதுகளைக் கண்டபடி விடும். சொறிச்சலைக் கூட்டுறதும் அதுகள்தான். நாள்போக, நல்ல அணுக்களையும் அடக்கிப்போடும்."

"அஞ்சு மாசம் முந்தி வந்திருந்தா?"

"சொல்ல ஏலாது, அம்மா."

வெளியே, முடிவை ஏன் அப்போதே அறிவிக்கவில்லை என்று மேசையிலிருந்த நர்ஸிடம் அந்தோனி சத்தம் போட்டார். பலமுறை அழைத்ததாகவும், ஒருமுறை ஒரு பெண் பேசியதாகவும் அவள் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீர் எடுத்தனீரோ?"

"இல்லை," என்றேன்.

ஒரே சொல்! அன்றே இரகசியமாகத் தடையை நீக்கினேன். முறைப்பாட்டுக் கடிதத்தை என்னையே எழுதச் சொன்னார். ஏன் என்னை? அந்த நர்ஸ் பொய் சொல்கிறாள் என்று என் கையாலேயே எழுதினேன்...

அடுத்த முறை போனபோது அந்த மேசையில் வேறொருத்தி இருந்தாள். அந்தோனி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்," என்றார்.